பிள்ளை குறைந்தால் யாருக்கு நஷ்டம்? பெங்களூர்த் தமிழர்கள் ஒரு சண்டை போடலாமா

அல்சூர்வாசி
2024 அக்டோபரில் சந்திரபாபு நாயுடுவும் ஸ்டாலினும் அடுத்தடுத்து "நிறையப் பெற்றுக்கொள்ளுங்கள்" என்ற தொனியில் பேசியபோது நாம் எல்லாரும் மீம் போட்டுச் சிரித்தோம். சிரித்தது போதும், கணக்கைப் பார்ப்போம். ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 2.1 குழந்தை பிறந்தால்தான் மக்கள்தொகை நிலையாக நிற்கும். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் இந்தியா 2.0, தமிழ்நாடு 1.8, நாம் குப்பை கொட்டும் கர்நாடகம் 1.7. தென்கொரியா 2023-ல் 0.72-க்கே போய்விட்டது. அதாவது அங்கே நூறு பேருக்கு 36 பிள்ளைகள், அந்த 36 பேருக்கு 13 பேரப்பிள்ளைகள். போர் இல்லை, பஞ்சம் இல்லை, இரண்டே தலைமுறையில் நூறு பதின்மூன்றாகிறது. "குறைந்தால் நல்லதுதானே, டிராஃபிக் குறையும்" என்கிறவர்கள் வந்து பதில் சொல்லுங்கள்.

ஏரிக்கரை பாபு
வந்துவிட்டேன். 2022 நவம்பரில் உலகம் 800 கோடியைத் தொட்டது. ஐநாவின் 2024 மதிப்பீட்டின்படி இது 2080களில் 1030 கோடி வரை ஏறி அதற்குப் பிறகுதான் இறங்கும், இந்தியாவே 2060கள் வரை ஏறிக்கொண்டுதான் இருக்கும். அதற்குள் ஒப்பாரி எதற்கு? இதே பயத்தைத் தலைகீழாகக் காட்டியவர்களும் உண்டு. 1968-ல் பால் எர்லிக் என்ற அமெரிக்கப் பேராசிரியர், எழுபதுகளில் கோடிக்கணக்கானவர்கள் பட்டினியால் சாவார்கள் என்று எழுதினார். சாகவில்லை. ஆனால் ஜனத்தொகை பயம் தலைக்கேறிய நம் நாட்டில், நெருக்கடி நிலையின்போது 1976-ல் மட்டும் 60 லட்சம் பேருக்கு மேல் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்தார்கள், பலரை வலுக்கட்டாயமாக இழுத்துப்போய். அரசாங்கம் படுக்கையறைக்குள் தலையை நீட்டினால் என்ன ஆகும் என்று பார்த்தாகிவிட்டது. 2024 கோடையில் இந்த ஊரில் போர்வெல் வற்றி டேங்கர் லாரிக்குத் தவம் கிடந்தோமே, அதற்குள் மறந்துவிட்டதா?

கணக்குப்பிள்ளை
பாபு, போர்வெல் வற்றியது பிரசவ வார்டால் இல்லை. ஏரியை மூடி லேஅவுட் போட்டதாலும், இத்தனை பேரும் வேலைக்காக இங்கே வந்து குவிந்ததாலும் வற்றியது. நாளைக்கே பெங்களூரில் ஒரு குழந்தைகூடப் பிறக்காவிட்டாலும் சில்க் போர்டு சிக்னலில் இதே கூட்டம்தான் நிற்கும். மொத்த எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள், வயதைப் பாருங்கள். இன்று நம் நாட்டில் அறுபதைத் தாண்டியவர் ஏறக்குறைய பத்தில் ஒருவர், 2050-ல் ஐந்தில் ஒருவர். ஜப்பான் பணக்கார நாடான பிறகு கிழடானது, அங்கேயே 2023 கணக்கெடுப்பில் சுமார் 90 லட்சம் வீடுகள் ஆளில்லாமல் கிடக்கின்றன. நமக்கோ இபிஎஃப்பின் குறைந்தபட்ச ஓய்வூதியமே மாதம் 1000 ரூபாய், அதுவும் 2014-லிருந்து அப்படியே. அதை வைத்துக்கொண்டு கிழவராவது எப்படி என்று யாராவது சொல்லுங்கள்.

கிருஷ்ணகிரி எக்ஸ்பிரஸ்
எல்லாரும் கொரியா, ஜப்பான் என்று சுற்றுகிறீர்கள். நாயுடு, ஸ்டாலின் கவலை அதுவா? தொகுதி, சார். மக்கள்தொகையை வைத்து மாநிலங்களுக்குப் பிரிக்கும் மக்களவை இடங்கள் 1971 கணக்கெடுப்பின்படி உறைந்து நிற்கின்றன, 2026-க்குப் பிறகு எடுக்கும் கணக்கெடுப்பு வந்தால் அந்த உறைநிலை போகும். டெல்லி சொன்னபடி "நாம் இருவர் நமக்கு இருவர்" என்று ஒழுங்காக நடந்த தெற்குக்கு இடம் குறையும், கேட்காதவனுக்குக் கூடும். இது தண்டனையா இல்லையா? அதனால் நம் ஆட்கள் பெற்றுக்கொள்ள வேண்டும் என்பதுதான் என் கட்சி.

ஏரிக்கரை பாபு
அண்ணா, நீங்கள் பெங்களூரில் பெற்றால் அது கர்நாடகத்துக் கணக்கில் சேரும். தமிழ்நாட்டுக்கு ஒரு எம்பி வேண்டுமென்றால் ஒசூர் தாண்டிப் போய்க் குடியேறிவிட்டு ஆரம்பியுங்கள்.

கணக்குப்பிள்ளை
😂 தவிர, பீகாரும் அசையாமல் இல்லை. 2005-06-ல் 4.0, 2019-21-ல் 3.0. பெண்கள் படிக்கப் படிக்க அங்கேயும் இறங்குகிறது. தொகுதிப் பங்கீடு அநியாயம் என்றால் அதைச் சட்டத்தில் பேசுங்கள். மத்திய வரியை மாநிலங்களுக்குப் பிரிக்கும்போது 15-வது நிதிக்குழு மக்கள்தொகையைக் கட்டுப்படுத்திய மாநிலங்களுக்கென்று 12.5 சதவீத எடை கொடுத்ததே, அந்த மாதிரி ஒரு வழியைக் கேட்கலாம். அதற்காகக் கருப்பையை வாக்குப்பெட்டி ஆக்காதீர்கள்.

சில்க்போர்டு சிக்னல்
இவ்வளவு நேரமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். பெற வேண்டும், பெறக் கூடாது என்று நான்கு ஆண்கள் தீர்ப்பு எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். எனக்கு ஒரு பெண் குழந்தை, மூன்றரை வயது. இன்னொன்று வேண்டும் என்று நிஜமாகவே ஆசை. ஏன் பெறவில்லை என்று சொல்கிறேன். டேகேர் ஏழு மணிக்கு மூடும், அதற்குமேல் ஒவ்வொரு கால் மணிக்கும் தனிக் காசு. காசு போகட்டும். ஆறே முக்காலுக்கு அமெரிக்காக்காரன் "ஒரே ஒரு விஷயம்" என்று ஆரம்பிப்பான், அதை முடித்து ரிங் ரோட்டில் ஊர்ந்து நான் போய்ச் சேரும்போது மற்ற விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு வாசல் விளக்கின் கீழே பிள்ளைக்கு ஷூ மாட்டி, முதுகில் பையையும் மாட்டி ஸ்டூலில் உட்கார வைத்திருப்பார்கள். ஆயாம்மா ஸ்கூட்டி சாவியைக் கையில் பிடித்தபடி நிற்பார். அவர் ஒன்றும் சொல்ல மாட்டார், அவருக்கும் வீட்டில் பிள்ளை இருக்கிறது. இதை இரண்டால் பெருக்கிப் பாருங்கள், கணக்குப்பிள்ளை சார். 2017-ல் மகப்பேறு சட்டத்தைத் திருத்தியதிலிருந்து 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும். எங்கள் ஆபீஸில் டேபிள் டென்னிஸ் மேசைக்கு இடம் இருக்கிறது.

அல்சூர்வாசி
மேடம், உங்கள் கஷ்டம் புரிகிறது, ஆனால் அதைச் சரிசெய்தால் எண்ணிக்கை ஏறும் என்பதற்கு ஆதாரம் இல்லை. ஸ்வீடனில் ஒரு குழந்தைக்குப் பெற்றோர் இருவருக்கும் சேர்த்து 480 நாள் உதவித்தொகையோடு விடுப்பு, நல்ல காப்பகம், எல்லாம் உண்டு. 2024-ல் அங்கே 1.4 சொச்சம்தான். ஹங்கேரியில் நான்கு பிள்ளை பெற்ற தாய்க்கு வாழ்நாள் முழுக்க வருமான வரி கிடையாது, கொஞ்சம் ஏறி 1.6 வரை போய் மறுபடி சறுக்கிவிட்டது.

சில்க்போர்டு சிக்னல்
எண்ணிக்கை ஏற வேண்டும் என்று நான் எப்போது சொன்னேன்? அது உங்கள் கவலை. 1930களிலேயே பெரியார் கர்ப்பத்தடையை நாட்டு வறுமைக்காக அல்ல, பெண்ணின் விடுதலைக்காகக் கேட்டார். பெறாமல் இருக்க உரிமை கேட்டது அன்று, பெற நினைத்தால் வேலையை விடாமல் பெற வழி கேட்பது இன்று, இரண்டும் ஒன்றுதான். ஸ்வீடனில் குறைகிறது என்பதற்காக எங்கள் ஆபீஸில் காப்பகம் வேண்டாமா?

அல்சூர்வாசி
வேண்டாம் என்று சொல்லவில்லை. என் பயம் வேறு. அப்பாவுக்குப் பக்கவாதம் வந்ததிலிருந்து ஒடிசாவிலிருந்து வந்த ஒரு பெண்தான் பகலில் பார்த்துக்கொள்கிறார். ஜூனில் ரஜா பண்டிகைக்கு ஊருக்குப் போனால் எங்கள் வீடு தலைகீழாகிவிடும், அப்பாவைத் திருப்பிப் படுக்க வைக்கக்கூட எனக்கும் தம்பிக்கும் சரியாக வராது. ஒடிசாவிலும் இப்போது 1.8 தான். எனக்கு எழுபது வயதாகும்போது அங்கிருந்து யார் வருவார்? வெளியூர் ஆள் வருவார் என்றே மொத்த பெங்களூரும் ஓடிக்கொண்டிருக்கிறது.

கணக்குப்பிள்ளை
இதைத்தான் நானும் சொல்கிறேன். பணம் இருந்தாலும் கை வேண்டும்.

சில்க்போர்டு சிக்னல்
அந்தக் கை எப்போதும் பெண்ணின் கையாகவே இருப்பதைக் கவனித்தீர்களா? கொரியாவில் கல்யாணமே வேண்டாம் என்று பெண்கள் ஒதுங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். அல்சூர் சார், தம்பியையும் கூட்டிக்கொண்டு திருப்பிப் படுக்க வைக்கப் பழகுங்கள், அந்தப் பெண்ணே ஒரு மணி நேரத்தில் சொல்லிக்கொடுத்துவிடுவார்.

அப்புறம் கிருஷ்ணகிரி சார், நீங்கள் எங்கள் அபார்ட்மென்ட்தான் என்று தெரியும். கிளப்ஹவுஸில் சும்மா கிடக்கும் அறையைக் காப்பகத்துக்குக் கொடுங்கள் என்று போன கூட்டத்தில் கேட்டபோது "சத்தம் வரும்" என்று தோற்கடித்தார்கள். அதே ஆட்கள்தான் குரூப்பில் "நம் இனம் அழிகிறது" என்று ஃபார்வர்ட் போடுகிறார்கள். அடுத்த கூட்டத்தில் மறுபடி கொண்டுவருகிறேன். உங்கள் ஓட்டு எந்தப் பக்கம்?

கிருஷ்ணகிரி எக்ஸ்பிரஸ்
உங்கள் பக்கம்தான் மேடம். ஆனால் நான் வாடகைக்கு இருப்பவன், அங்கேயும் எனக்கு ஓட்டு இல்லை.