உதவி: பழைய சி அண்ட் சி 27 வாங்கலாமோ?

பிளஃப்ஸ்காரன்: வணக்கம். சி அண்ட் சி 27 பாய்ப்படகு ஒண்டு மலிவா வருது. கொம்பனி இப்ப இல்லையாம். தரமான படகோ? கீல் (அடியில தொங்கிற பாரத் துடுப்பு) படகோட பொருந்துற இடத்தில, முன்பக்கமா ஒரு வெடிப்பு இருக்கு. "எல்லாத்திலயும் இருக்கும்" எண்டு விக்கிறவர் சொல்லுறார். ஞாயிறுக்குள்ள முடிவு சொல்லவேணும்.

நங்கூரம்77: எந்த வருசம்? இஞ்சின் பெற்றோலோ டீசலோ? படகு இப்ப தண்ணியிலயோ தரையிலயோ? பின்சுவரில வலப்பக்க மேல் மூலையில உடல் இலக்கம் பாருங்கோ. இசட்-சி-சி எண்டு தொடங்கும். கடைசி நாலில முதல் எழுத்து 'எம்' எண்டா அடுத்த ரெண்டு இலக்கமும் மாடல் ஆண்டு, பிறகு வாற எழுத்து மாதம். 'ஏ' எண்டா ஓகஸ்ட். இலக்கமே இல்லாட்டிப் பயப்பிடாதேங்கோ, கனடாவில 1981 ஓகஸ்டுக்குப் பிறகுதான் கட்டாயம்.

பாய்மரம்: தேடிப் பார்த்துவிட்டுக் கேட்டிருக்கலாம். 1969இல் கத்பேர்ட்சன்–கசியன் வடிவமைப்பு அலுவலகமும் மூன்று ஒன்ராறியோப் பட்டறைகளும் சேர்ந்து உருவான கொம்பனி. அதற்கு முன்பே அவர்கள் வரைந்த ரெட் ஜாக்கெட் 1968இல் புளோரிடாவின் எஸ்ஓஆர்சி பாய்ப்படகுப் போட்டித் தொடரை வென்றது. நயாகரா-ஒன்-த-லேக் தொழிற்சாலை 1994இல் எரிந்தது. பெயர் பிறகு ஒஹாயோவிலுள்ள ஒரு கொம்பனிக்குப் போனது. அங்கே கட்டியது வேறு படகு.

அலைவரிசை: வேறை படகு எண்டு எப்பிடிச் சொல்லுவியள்? அங்க கட்டின 121 மாடல் நல்லாத்தானே ஓடுது.

பாய்மரம்: ஓடுவதைச் சொல்லவில்லை. வரைந்தவர் வேறு, பைபரை ஒட்டும் பிசினும் வேறு, எபொக்சி. பெயர் மட்டும்தான் பழையது.

கறள்மணி: வரலாறு கிடக்கட்டும். அந்த வெடிப்புக்குப் பேரே 'சி அண்ட் சி சிரிப்பு'. தரையில ஏத்தி 2 நாளாகியும் கசிஞ்சால் கீலைப் பிடிக்கிற போல்ட் வழியாத் தண்ணி போகுது. காய்ஞ்சிருந்தா மேல்பூச்சு மட்டும் வெடிச்சதாயிருக்கலாம். பாரம் கீலில நிக்கேக்க அந்த போல்ட் நட்டை டோர்க் சாவியால (இறுக்கத்தை அளக்கிற சாவி) இறுக்கிப் பாருங்கோ. நட் சுத்திக்கொண்டே வர வாஷர் கீழ இறங்கினா நிப்பாட்டுங்கோ, அடித்தளம் நசிஞ்சு போச்சு.

நங்கூரம்77: விக்கிறவற்ற படகில ஆர் நட்டை இறுக்க விடுவினம்? முதல்ல டெக்கைத் தட்டுங்கோ. பிளாஸ்டிக் தலைச் சுத்தியலால ஸ்டாஞ்சன் (ஓரக் கம்பித் தூண்) அடி, கொக்கி அடி, மாஸ்ற் (பாய்மரம்) அடி எல்லாம். 'டக்' எண்டா நல்லது, 'தொம்' எண்டா டெக்குக்குள்ள இருக்கிற பால்சா மரம் ஊறிப்போச்சு. ஒன்ராறியோப் படகில உப்பரிப்பு குறைவு, ஆனா ஊறின பால்சா மாரியில உறைஞ்சு பைபர்த் தோலைப் பிரிச்சுவிடும். கையளவு இடமெண்டா ஓட்டை போட்டுக் காயவைச்சு எபொக்சி நிரப்பலாம். டெக் முழுக்க எண்டா படகின்ர விலையைத் தாண்டும்.

கறள்மணி: ஈரமானியை நம்பி மட்டும் முடிவெடுக்காதேங்கோ. டெக்குக்கு கீழ உலோகத் தகடு இருந்தாலும் அது துள்ளும்.

அலைவரிசை: அற்றோமிக் 4 பெற்றோல் இஞ்சினெண்டா ஓடிப்போங்கோ.

கறள்மணி: ஏன்? உதிரிப்பாகம் இண்டைக்கும் கிடைக்குது. 4 சிலிண்டரிலயும் கொம்பிறஷன் கிட்டத்தட்ட ஒண்டா இருக்கோ எண்டு பாக்கவேணும். ஸ்ராட் பண்ணமுதல் புளோவரை (இஞ்சின் அறைக் காத்தாடி) 4 நிமிசம் ஓடவிட்டா பெற்றோல் ஆவி வெளியேறும். மனிபோல்டுக்குள்ள (புகை வெளியேறுற குழாய்) கறள் கட்டி அடைக்கிறதுதான் உண்மையான செலவு.

அலைவரிசை: 4 நிமிசத்தை ஒருநாள் மறந்தா?

பாய்மரம்: மறப்பவர் டீசலிலும் எதையாவது மறப்பார்.

பிளஃப்ஸ்காரன்: உடல் இலக்கத்தில எம்76 எண்டு இருக்கு. பெற்றோல். தரையிலதான் நிக்குது, கீலில ஈரம் தெரியுது. படகு சோதிக்கிற சேர்வேயர் சனி வாறார். நன்றி.

நங்கூரம்77: ஈரமெண்டா எத்தினை நாள் தரையில நிண்டது? மழை பெய்ததோ?

நங்கூரம்77: சனி போயிட்டுது. என்ன சொன்னவர்?