அகமாற்றமா, ஆற்றல் கைமாற்றமா?

கதிரியக்கச் சிதைவின் வகைகளைக் குறிக்கும் தமிழ்ச் சொற்களுள் ஆல்ஃபாச் சிதைவு, பீட்டாச் சிதைவு, எலக்ட்ரான் கவர்வு ஆகியவை வேரூன்றிவிட்டன; அவற்றைத் தொட வேண்டியதில்லை. காமாவுக்கு மட்டும் ‘சிதைவு’ என்பதைவிட ‘உமிழ்வு’ பொருந்தும். அங்கே அணுக்கரு தன் மிகுதி ஆற்றலை இழக்கிறதேயன்றி, புரோட்டான், நியூட்ரான் எண்ணிக்கை மாறுவதில்லை.

சிக்கல் அதையொட்டிய நிகழ்வில்தான் இருக்கிறது. மிகுதி ஆற்றலால் கிளர்வுற்ற அணுக்கரு சில வேளைகளில் காமாவை உமிழாமல், தன் ஆற்றலை அதே அணுவின் எலக்ட்ரான் ஒன்றுக்கு நேரடியாகக் கொடுத்து அதை வெளியே தள்ளிவிடுகிறது. ஆங்கிலத்தில் internal conversion எனப்படும் இதற்கு ‘அகமாற்றம்’ என்று சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. அணுக்கருவிலிருந்து காமாக் கதிர் புறப்பட்டு, வழியில் ஓர் எலக்ட்ரானால் உட்கவரப்பட்டு, அதை வெளியேற்றுவதாகத் தொடக்கத்தில் எண்ணினர். கதிர் எலக்ட்ரானாக ‘மாறுகிறது’ என்ற பேச்சு அந்தப் பழைய எண்ணத்தின் எச்சம். உண்மையில் இடையே காமா ஃபோட்டான், அதாவது காமாக் கதிரின் ஒளித்துகள், தோன்றுவதில்லை. ஜெர்மானியம்-72 அணுக்கருவின் முதல் கிளர்வு நிலைக்கும் அடிநிலைக்கும் தற்சுழற்சி சுழியே; ஃபோட்டானோ குறைந்தது ஓர் அலகு சுழற்சியையாவது எடுத்துச் செல்ல வேண்டும் என்பதால், அவற்றிடையே ஒற்றைக் காமா ஃபோட்டான் உமிழப்பட வழியே இல்லை. ஆயினும் எலக்ட்ரான் வெளிவருகிறது. இல்லாத கதிர் எப்படி மாறும்?

வெளிவரும் எலக்ட்ரானை, பீட்டாச் சிதைவில் அணுக்கருவிலிருந்தே பிறந்து வரும் எலக்ட்ரானான பீட்டாத் துகளோடு குழப்பிக்கொள்ளாத பெயரும் வேண்டும். சீசியம்-137 தரும் எலக்ட்ரான்களின் ஆற்றல் நிரலைப் பார்த்தால் வேறுபாடு கண்ணுக்கே தெரியும். பெரும்பாலான பீட்டாத் துகள்கள் சுழியிலிருந்து 514 கிலோ எலக்ட்ரான் வோல்ட் வரை தொடர்ச்சியாகப் பரவிக் கிடக்கும், ஏனெனில் ஒவ்வொரு சிதைவிலும் உடன் வெளிவரும் எதிர்நியூட்ரினோ என்ற மின்னூட்டமற்ற நுண்துகள் ஆற்றலில் தன் பங்கை எடுத்துக்கொள்கிறது. அதற்கு அப்பால், 624 என்ற இடத்தில், கூர்மையான ஒரு முகடு தனித்து நிற்கும். சேய் அணுக்கருவான பேரியம்-137 தன் கிளர்வு நிலையில் வைத்திருந்த 662 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில், உள்வட்ட எலக்ட்ரானின் பிணைப்பாற்றல் ஏறத்தாழ 37 கழிந்தபின் எஞ்சுவது அது. இங்கே பங்கு கேட்க யாரும் இல்லை.

ஆகவே நான் முன்வைப்பது ‘ஆற்றல் கைமாற்றம்’. கொடுப்பது அணுக்கரு, பெறுவது எலக்ட்ரான், இடைத்தரகர் இல்லை என்ற மூன்றும் இச்சொல்லில் அடங்கிவிடுகின்றன. கைமாற்று என்றதும் கடன் நினைவுக்கு வருமே என்பார் இருப்பர். இந்தக் கைமாற்று திரும்பி வராது என்பதைத் தவிர எனக்கு அதில் குறை தெரியவில்லை. கிளைச் சொற்களும் எளிதில் அமைகின்றன: வெளிவருவது ‘கைமாற்று எலக்ட்ரான்’, அத்தகைய எலக்ட்ரான்களின் எண்ணிக்கையைக் காமா ஃபோட்டான்களின் எண்ணிக்கையால் வகுத்துக் கிடைப்பது ‘கைமாற்றுக் கெழு’. மேற்சொன்ன பேரியத்துக்கு அதன் மதிப்பு சுமார் 0.11. ஜெர்மானியம்-72இன் அந்த நிலைக்கோ வகுக்கும் எண்ணே சுழியாகிவிடுவதால், இக்கெழுவை அங்கே பயன்படுத்த இயலாது என்ற குறிப்பையும் சொல்விளக்கத்தில் சேர்த்துவிடலாம்.