தர்ஸ்டன் 1909-ஆ, 1987-ஆ?

சேர்வராயன்மலை:
நேற்று இந்தக் குழுவில் 'அஸ்தம்பட்டி' எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. "கையில் எந்தப் பதிப்பு இருக்கோ அதோட ஆண்டைப் போட்டாப் போதும், சதுர அடைப்பெல்லாம் பகட்டு" என்று எம்.ஏ. சமூகவியல் பிள்ளைகளுக்கு உபதேசம். அதை நம்பி ஒரு பிள்ளை, ஏற்காட்டு மலையாளிகள் (கேரளத்தார் இல்லை, சேர்வராயன் மலையில் வாழும் பழங்குடி மக்கள்) பற்றிய ஆய்வுக் கட்டுரையில் (தர்ஸ்டன் 1987) என்று எழுதி வைத்திருக்கிறது. சென்னை அருங்காட்சியகத்துக்குத் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன் 1935-லேயே இறந்துவிட்டார். 'தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்' ஏழு தொகுதியும் சென்னை அரசு அச்சகத்திலிருந்து வந்தது 1909-ல். 1987 என்பது தில்லியில் மறுபதிப்புப் போட்ட வருஷம். ஏ.எஸ்.ஏ. (அமெரிக்கச் சமூகவியல் சங்கம்) மேற்கோள் முறைப்படி (தர்ஸ்டன் [1909] 1987) என்று இரண்டும் வரணும். அசல் ஆண்டு சதுர அடைப்புக்குள், கையிலுள்ள பதிப்பு அடுத்து. இதில் என்ன பகட்டு?

அஸ்தம்பட்டி:
என் பேரை இழுத்தே ஆரம்பிச்சாச்சு, ரொம்ப சந்தோஷம். ஒரே கேள்விதான். பக்க எண்ணை எந்தப் புத்தகத்திலிருந்து எடுத்தாங்க? 1987 புத்தகத்திலிருந்து. அப்போ ஆண்டும் 1987. படிக்கிறவர் அதே புத்தகத்தை எடுத்துப் புரட்டினா அந்த வரி கண்ணில் படணும், மேற்கோள் அதுக்குத்தான் இருக்கு.

சேர்வராயன்மலை:
1987-ஐ எடுக்கச் சொல்லி யார் சொன்னா? அது அங்கேயேதான் இருக்கு, பக்கத்தில் 1909-ம் வரணும்னு சொல்றேன். மாக்ஸ் வெபர் இறந்தது 1920. புராட்டஸ்டண்ட் நெறி பற்றிய அவர் நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பு வந்தது 1930. வெறும் (வெபர் 1930) என்று போட்டால் செத்துப் பத்து வருஷம் கழித்து எழுதினாரா? துர்க்கெய்ம் தற்கொலை பற்றி எழுதியது 1897, ஆங்கிலத்தில் வந்தது 1951. அங்கெல்லாம் ஒழுங்காக [1897] 1951 என்று போடுறவங்களுக்கு, நம்ம மலையைப் பற்றிய புத்தகம்னு வந்ததும் கை சுருங்கிப் போகுது.

கிச்சிப்பாளையம்:
எங்க கைடு ஏ.பி.ஏ. (அமெரிக்க உளவியல் சங்கம்) முறைதான் கேட்பாங்க. அதில் சாய்கோடு, 1909/1987. சதுர அடைப்பே கிடையாது.

சேர்வராயன்மலை:
சாய்கோடோ அடைப்போ, 1909 வருதா இல்லையா தம்பி? வருது. நான் சொல்றதும் அதுதான்.

அஸ்தம்பட்டி:
பக்க எண் எதில்? 1987-ல்.

செவ்வாய்ப்பேட்டை:
ஆண்டுக்கு இவ்வளவு சண்டை போடுறீங்க, ஆளையே பாதி காணோம். தலைப்புப் பக்கத்தில் கே. ரங்காச்சாரி பேர் அச்சாகியிருக்கு. சென்னை அருங்காட்சியகத்தில் வேலை பார்த்தவர். நம்ம ஊர் ஆய்வுக் கட்டுரைகளில் பத்துக்கு ஒன்பதில் அவர் பேர் இல்லை. வெள்ளைக்காரர் பேர் மட்டும் மறக்காமல் வருது.

அஸ்தம்பட்டி:
மேடம், 'உதவியோடு' என்றுதான் அங்கே இருக்கு. உதவியாளர் ஆசிரியர் ஆக மாட்டார்.

செவ்வாய்ப்பேட்டை:
'உதவியோடு' என்று நூற்பட்டியலிலும் போடுங்களேன், கை வலிக்குமா?

சேர்வராயன்மலை:
ரங்காச்சாரி விஷயத்தில் மேடம் சொல்றது நியாயம், ஆனால் திரியைத் திசை திருப்ப வேண்டாம். இந்த ஆண்டு எனக்கு ஏன் இவ்வளவு முக்கியம்னு சொல்றேன். நான் மலையாளி. சேர்வராயன் கோயிலுக்கு வருஷம் தவறாமல் போகிற வீடு. தர்ஸ்டன் எங்க ஆளுகளை நிற்க வைத்து மண்டையையும் மூக்கையும் கருவி வைத்து அளந்தவர். காஞ்சிபுரத்திலிருந்து வந்த கதை, கல்யாணம், சாவுச் சடங்கு எல்லாம் அந்தக் கண்ணோடு எழுதினது. அதில் 1987 என்று முத்திரை குத்தினால் என்ன ஆகும்? 1987-ல் எங்க அப்பா காபித் தோட்டத்தில் வேலைக்குப் போய்க்கிட்டு இருந்தார். அவரை 1909-ன் வரிகளால் எழுதின மாதிரி ஆகிடும்.

இன்னொன்றும் பாருங்க. அந்தப் பிள்ளை ஒரே வாக்கியத்துக்கு மூணு மேற்கோளைக் காலவரிசையில் அடுக்கியிருக்கு: (லெ பானு 1883, ரிச்சர்ட்ஸ் 1918, தர்ஸ்டன் 1987). லெ பானு சேலம் ஜில்லா மேனுவல், ரிச்சர்ட்ஸ் சேலம் கெசட்டியர், இரண்டும் ஆங்கிலேயர் காலத்து மாவட்ட விவர நூல்கள். இதைப் படிக்கிறவர், ரிச்சர்ட்ஸ் சொன்னதை 70 வருஷம் கழித்து தர்ஸ்டன் வந்து சரிபார்த்தார்னுதானே நினைப்பார்? தர்ஸ்டன் எழுதினது ரிச்சர்ட்ஸுக்கு ஒன்பது வருஷம் முன்னாடி. வரிசையே தலைகீழ். ஆராய்ச்சியே கெட்டுப் போச்சு, நீங்க பக்க எண்ணைப் பிடித்துத் தொங்கிக்கிட்டு இருக்கீங்க.

அஸ்தம்பட்டி:
உணர்ச்சி வேற, விதி வேற. முன்னுரையில் "இது பழைய நூல்" என்று ஒரு வரி எழுதினால் முடிஞ்சது. ஒரு கருத்தரங்கில் நான் கேள்வி கேட்டப்போ மைக்கைப் பிடுங்கினவங்க இப்போ ஆராய்ச்சி கெட்டுப் போச்சுன்னு பேசறாங்க.

சேர்வராயன்மலை:
மைக்கை யாரும் பிடுங்கலை. உங்களுக்குக் கொடுத்த நேரம் முடிஞ்சுது. முன்னுரையில் எழுதினால் எட்டாம் பக்கத்தில் மேற்கோளை மட்டும் பார்க்கிறவருக்கு எப்படித் தெரியும்?

கிச்சிப்பாளையம்:
மேற்கோள் பட்டியல் போடுற சாப்ட்வேர் ஸொட்டீரோ தானாகவே 1987தான் போடுது அண்ணா. நான் என்ன பண்றது?

சேர்வராயன்மலை:
எக்ஸ்ட்ரா கட்டத்தில் அசல் ஆண்டைத் தனியாகக் கொடுக்கணும். சாப்ட்வேர் தர்ஸ்டனைப் படிச்சதில்லை தம்பி, நாமதான் படிக்கணும்.

செவ்வாய்ப்பேட்டை:
ரங்காச்சாரிக்கு இன்னும் பதில் வரலை.

அஸ்தம்பட்டி:
வந்தாச்சு. உதவியாளர். ஆண்டு 1987.

சேர்வராயன்மலை:
1909 அசல் பதிப்பே ஸ்கேன் செய்து இணையத்தில் இலவசமாகக் கிடக்குது. நாலாம் தொகுதியை இறக்கி முதல் பக்கத்தைத் திறந்து, என்ன வருஷம் போட்டிருக்குன்னு இங்கே எழுதுங்க.

அஸ்தம்பட்டி:
ஸ்கேனைப் பார்த்தவர் 1909 போடட்டும், அச்சுப் புத்தகத்தைப் பார்த்தவர் 1987 போடட்டும். முதல்லிருந்து நான் சொல்றதே இதைத்தான்.

சேர்வராயன்மலை:
நீங்க சொன்னது "சதுர அடைப்பு பகட்டு" என்று. மேலே அப்படியே இருக்கு. பேச்சை மாத்தாதீங்க.