குடியும் தற்கொலை முயற்சியும் சேர்ந்து வருவோருக்கு ஒற்றை அமர்வு ஆலோசனை: எப்படிச் சோதிப்பது?

கேள்வி (மனநலச் சமூகப் பணியாளர்)

வணக்கம். ஒரு மாவட்ட மருத்துவமனையில் பணிபுரிகிறேன். தற்கொலைக்கு முயன்று அவசரப் பிரிவுக்கு வரும் ஆண்களில் பலர் குடித்த நிலையில் வருகிறார்கள். உடல் தேறியதும் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். இடையில் எங்களுக்குக் கிடைப்பது ஒரே ஓர் அமர்வு. அதில் குடியையும் தற்கொலை எண்ணத்தையும் சேர்த்துப் பேசி, பிறகு தொலைபேசியில் தொடர்ந்தால் பயன் உண்டா என்று சோதிக்க விரும்புகிறோம். ஒப்பீட்டுக் குழுவுக்கு எதைக் கொடுப்பது, எதை அளவிடுவது?

மறுமொழி (மனநல மருத்துவர்)

உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆய்விலிருந்து தொடங்குங்கள். சென்னை, கொழும்பு, பிரேசிலின் காம்பினாஸ், ஈரானின் கராஜ், சீனாவின் யுன்செங் ஆகிய ஐந்து இடங்களில், தற்கொலைக்கு முயன்று அவசரப் பிரிவுக்கு வந்த 1,867 பேரிடம் நடத்தப்பட்டு, 2008-இல் வெளியானது. ஒரு குழுவுக்கு ஒரு மணி நேர விளக்க அமர்வும், 18 மாதங்களில் 9 முறை தொலைபேசியிலோ நேரிலோ நலவிசாரிப்பும். மற்றக் குழுவுக்கு அந்தந்த மருத்துவமனையின் வழக்கமான சிகிச்சை. முடிவில் தற்கொலையால் இறந்தவர்கள் முதல் குழுவில் 0.2 விழுக்காடு, மற்றதில் 2.2 விழுக்காடு. குடியைப் பொறுத்தவரை கோவா ஆய்வு (2017) உதவும்: தீங்கான அளவில் குடித்த 377 ஆண்களில் ஒரு பகுதியினருக்கு, மருத்துவர் அல்லாத, பயிற்சி பெற்ற ஆலோசகர்கள் அதிகபட்சம் நான்கு அமர்வுகள் நடத்தினார்கள். மூன்று மாதம் கழித்து அபாய அளவுக்குக் கீழே இறங்கியவர்கள் 36 விழுக்காடு. ஒப்பீட்டுக் குழுவில் 26. இரண்டு பிரச்சினையும் ஒருசேர உள்ளவருக்கு என்ன செய்வது என்பதற்கு இவற்றில் நேரடி விடை இல்லை. ஆகவே உங்கள் கேள்வி தேவையானதே.

ஒப்பீட்டுக் குழுவை வெறுங்கையோடு அனுப்ப எந்த நெறிமுறைக் குழுவும் ஒப்பாது. பாதுகாப்புத் திட்டத்தை (தற்கொலை எண்ணம் எழுந்தால் என்ன செய்வது, யாரை அழைப்பது என்று எழுதிய அட்டை) இரு குழுவுக்கும் கொடுத்துவிட்டு, குடி பற்றிய உரையாடலையும் தொடர் அழைப்புகளையும் மட்டும் ஒரு குழுவுக்குக் கூட்டுங்கள்.

மறுமொழி (புள்ளியியல் ஆசிரியர்)

மேலே சொன்ன உலகச் சுகாதார நிறுவன ஆய்வில் அத்தனை பேரைச் சேர்த்தும் பதிவான தற்கொலை இறப்புகள் மொத்தம் 20 மட்டுமே. ஒரே மருத்துவமனையில் இறப்பை அளவீடாக வைத்தால் உங்களுக்கு எந்த முடிவும் கிடைக்காது. இன்னொன்று, இது பலர் கண்ணில் படுவதில்லை: அதே ஆய்வில் மீண்டும் முயன்றவர்களின் விகிதம் இரு குழுக்களிலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. ஆகையால் முதற்கட்டத்தில் எத்தனை பேர் சேரச் சம்மதித்தார்கள், எத்தனை அழைப்புகள் உரியவரைச் சென்றடைந்தன, ஆறு மாதத்தில் ஆடிட் (குடிப்பழக்கத்தின் தீவிரத்தை அளக்கும் கேள்விப் படிவம்) மதிப்பெண் எவ்வளவு மாறியது என்பவற்றோடு நிறுத்திக்கொள்வதே நேர்மை. முதல் நபரைச் சேர்க்கும் முன்பே இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிந்துவிடுங்கள்.

மறுமொழி (போதை மீட்பு ஆலோசகர்)

போதை தெளியாதவரிடம் வாங்கும் சம்மதக் கையெழுத்து செல்லாது. ஆடிட் படிவத்தின் 10 கேள்விகளுக்கு அவர் தரும் பதிலும் நம்பத்தக்கதல்ல. தினமும் குடித்தவருக்குக் குடி நின்ற இரண்டு மூன்று நாட்களுக்குள் கைநடுக்கம், குழப்பம், வலிப்பு வரக்கூடும். அதைக் கவனித்து முடித்த பிறகே பேச உட்காருங்கள். பல வீடுகளில் ஒரே கைபேசிதான் இருக்கும். அழைத்தால் மனைவியோ மகனோ எடுப்பார்கள். அவர்களிடம் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்பதை நோயாளியிடமே முன்கூட்டிக் கேட்டுப் படிவத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. அழைப்பின்போதே ஒருவர் சாகப் போவதாகச் சொன்னால், அழைத்த பணியாளர் என்ன செய்வது?

மறுமொழி (மனநல மருத்துவர்)

அந்த நொடியில் ஆய்வு ஒதுங்கிவிட வேண்டும். அவர் எந்தக் குழுவில் இருந்தாலும் சரி. பணியாளர் இணைப்பைத் துண்டிக்காமல் பேச்சைத் தொடர, இன்னொருவர் பணியில் உள்ள மருத்துவரையும், நோயாளி முன்பே பெயர் கொடுத்த உறவினரையும் அழைக்க வேண்டும். ஆகவே அழைப்பு நேரத்தில் இரண்டு பேர் பணியில் இருப்பது கட்டாயம். இரவு நேரத்துக்கு அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலி மானஸின் 14416 எண்ணைப் பாதுகாப்புத் திட்ட அட்டையிலேயே அச்சிட்டுவிடுங்கள்.