புரோஃபண்டா "சின்னக் கிளை"யா? தொடைக்கு ரத்தம் குடுக்குறது யாரு?

தட்டோன் தங்கம்: பர்மாவுல மோல்மேன் கோயில் மண்டபத்துல எடுத்த முதலுதவி வகுப்புன்னு மாணிக்கம் அண்ணன் நேத்து ஒண்ணு போட்டிருக்காரு. தொடைக்கு ரத்தம் குடுக்குறது ஃபெமரல், அதாவது தொடை இடுக்குலேருந்து இறங்குற பெரிய தமனி மட்டும்தானாம், அதுலேருந்து பிரிஞ்சு தொடைக்குள்ள ஆழமா போற புரோஃபண்டா ஒரு சின்னக் கிளையாம், கணக்குலயே எடுக்க வேண்டாமாம். படிச்சதும் வயிறு எரிஞ்சுது. அண்ணே, தொடைக்குச் சோறு போடுறதே முக்காவாசி புரோஃபண்டாதான். ஃபெமரல் தொடை வழியா கீழ இறங்கி முழங்காலுக்குப் பின்னாடி போய் பாப்லிட்டியல்னு பேரு மாத்திக்கும், அதோட வேலை கீழ்க்கால்லதான்.

மோல்மேன் மாணிக்கம்: புரோஃபண்டா எங்கேருந்து வருது தங்கச்சி? ஃபெமரல்லேருந்து. அப்ப கிளைதானே. ஐராவதி இல்லாம பசீன் ஆத்துல தண்ணி ஏது?

தட்டோன் தங்கம்: கிளை இல்லன்னு நான் எங்க சொன்னேன்? "சின்ன"ன்னு போட்டீங்களே அதைச் சொல்லுங்க. பசீன் வயலுக்குப் பாயுறது பசீன் ஆத்துத் தண்ணிதானே. தொடை இடுக்குலேருந்து ஒரு 4 சென்டிமீட்டர் கீழ பின்பக்கமா பிரியுது, அங்கேருந்து தொடை எலும்போட மேல்பாகத்தைச் சுத்தி ரெண்டு வளைவுத் தமனி, அப்புறம் எலும்பை ஒட்டியே இறங்கி தசையைத் துளைச்சுக்கிட்டு பின்பக்கம் போற கிளைங்க மூணு, கடைசியா முடியுற எடத்தையும் சேத்தா நாலு, பின்தொடை தசை அதை நம்பித்தான் பொழைக்குது. அந்தப் பிரிவுக்குக் கீழ ஃபெமரல் முழுசா அடைச்சுப்போன ஆளுங்கள வார்டுல பாத்திருக்கேன். கொஞ்ச தூரம் நடந்தா கெண்டைக்கால்தான் இழுத்துப் புடிக்கும். தொடை நல்லாருக்கும். ஏன்னா புரோஃபண்டா தெறந்திருக்கு.

பெகு பாண்டி: எங்க தெருவுல ஒரு பையன் பைக்ல விழுந்து தொடையில ரத்தம் பீச்சி அடிச்சுது, லுங்கிய சுருட்டி காயத்துமேல வச்சு ஆஸ்பத்திரி போற வரைக்கும் கைய எடுக்காம அமுக்கிக்கிட்டே போனேன். எந்தத் தமனின்னு யாரு பாத்தா?

மோல்மேன் மாணிக்கம்: அப்படிச் சொல்லு பாண்டி. தொடை இடுக்கு நடுவுல துடிக்குதே அதை எலும்போட சேத்து அமுக்கினா ரத்தம் கட்டுப்படுதே, அது ஃபெமரலா வேறயா? 12 வருஷமா வகுப்பு எடுக்குறேன். பாம்புக்கடி விஷயத்துல எல்லார் முன்னாடியும் என்னைய மட்டம் தட்டுன தங்கச்சிக்கு இன்னும் ஆசை தீரல போல.

தட்டோன் தங்கம்: அதை ஏன் இழுக்குறீங்க? கண்ணாடி விரியன் கடிக்கு இறுக்கிக் கட்டாதீங்கன்னு சொன்னேன், இன்னைக்கும் அதையேதான் சொல்வேன். இடுக்குல அமுக்குறப்ப புரோஃபண்டா பிரியுறதுக்கு மேலயே அமுக்குறீங்க, அதான் ரெண்டுக்கும் போறது நிக்குது. அதனால புரோஃபண்டா சின்னதாயிருமா? 12 வருஷமா தப்பா சொன்னா சரியாயிருமா?

மெடிக்கல் தம்பி: குறுக்க பேசுறேன்னு நெனைக்காதீங்க. உள்பக்க வளைவுத் தமனி எல்லாருக்கும் புரோஃபண்டாலேருந்து வராது, சிலருக்கு நேரா ஃபெமரல்லேருந்தே வரும். தொடையோட உள்பக்கத்துக்கு இடுப்புக்குள்ளேருந்து வர்ற ஒப்ட்யூரேட்டர் தமனியும் குடுக்குது, அதை ரெண்டு பேருமே விட்டுட்டீங்க. 1785-ல லண்டன்ல ஜான் ஹண்டர் முழங்காலுக்குப் பின்னாடி தமனி வீங்கின ஆளுக்கு தொடையில ஃபெமரலையே கட்டினாரு, காலு போகல, கிளைங்க வழியா ரத்தம் சுத்திக்கிட்டு வந்துருச்சு.

மோல்மேன் மாணிக்கம்: பாத்தீங்களா, நேரா ஃபெமரல்லேருந்தே வருதாம்! தம்பியே சொல்லிட்டான்.

தட்டோன் தங்கம்: "சிலருக்கு"ன்னு சொன்னது கண்ணுல படலயா? ஃபெமரலைக் கட்டியும் காலு பொழைச்சுதுன்னு அதே தம்பிதான் சொல்றான், அது எந்தக் கிளைங்களாலன்னு கேளுங்க. தம்பி, நீயும் ஒப்ட்யூரேட்டர்னு நடுவுல புகுந்து பேச்சை மாத்தாத, அது உள்பக்கத்துக்கு மட்டும்தான்.

மெடிக்கல் தம்பி: உள்பக்கம் தொடை இல்லையாக்கா?

பெகு பாண்டி: நான் கேட்டதுக்கு யாரும் பதிலே சொல்லல.

மோல்மேன் மாணிக்கம்: அடுத்த ஞாயித்துக்கிழமையும் வகுப்பு இருக்கு. கிளைன்னுதான் சொல்வேன்.

தட்டோன் தங்கம்: "சின்ன"ங்கிறதை எடுத்துட்டுச் சொல்லுங்க. நானும் வந்து முன்வரிசையில உக்காருறேன்.