அபார்ட்மென்ட் உரத்தொட்டி நாறுகிறது, மூடிவிடலாமா? (பெங்களூரு)

பானஸ்வாடி_பாலா:
எங்களுடையது 36 வீடுகள் உள்ள அபார்ட்மென்ட். எல்லார் வீட்டு ஈரக் குப்பையையும் கீழேயே உரமாக்கலாம் என்று ஜூன் மாதம் சங்கத்தில் முடிவெடுத்து, பார்க்கிங் பின்சுவரை ஒட்டி, செங்கல்லுக்குச் செங்கல் இடைவெளி விட்டு மூன்று தொட்டி கட்டினோம். முதல் மூன்று வாரம் ஒரு பிரச்சினையும் இல்லை. மழை பிடித்துக்கொண்டதும் நாற்றம், அடியில் கறுப்பாகத் தண்ணீர், போன வாரம் மூடியைத் திறந்தால் புழு நெளிகிறது. தரைத்தளத்து மாமி ஜன்னலையே திறப்பதில்லை. "காலையில் குப்பை வண்டிதான் வருகிறதே, அதில் போட்டுத் தொலைங்களேன்" என்று பாதிப் பேர் சொல்லிவிட்டார்கள். தொட்டி கட்டலாம் என்று வீடு வீடாகப் போய்ப் பேசியது நான்தான், இப்போது லிஃப்டில் யாரையும் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள், எங்கே தப்பு?

கறிவேப்பிலை:
மூடாதீங்க தம்பி. அல்சூரில் எங்கள் கட்டடத்தில் ஆறு வருடமாக ஓடுகிறது, முதல் மழைக்கு இதே கூத்துதான். சருகு போதவில்லை, அவ்வளவுதான். நம் வீட்டுக் கழிவில் ஈரம் அதிகம்: புளிச் சக்கை, தர்பூசணித் தோல், நேற்றைய கூட்டு. இதெல்லாம் நசநசவென்று அமுங்கிக் காற்றுப் போகாமல் அழுகுகிறது, அதுதான் நாற்றம். ஒரு வாளி குப்பைக்கு ஒரு வாளி சருகாவது போட வேண்டும், மழைக்காலத்தில் ஒன்றரை. நடுவிலிருந்து ஒரு பிடி எடுத்துப் பிழிந்து பாருங்கள் (கையுறை போட்டுக்கொண்டு!), ஒன்றிரண்டு சொட்டு விழுந்தால் சரி, ஒழுகினால் இன்னும் சருகு போட்டு அடிவரை கிளறுங்கள். நன்றாக வேகிற தொட்டியில் உள்சூடு 55, 60 டிகிரி வரை போகும், ஒரு இரும்புக் கம்பியைச் செருகிக் கொஞ்ச நேரம் விட்டு எடுத்தால் கம்பியே சொல்லிவிடும்.

புழு பழுப்பாகத் தட்டையாக இருந்தால் பயப்படாதீங்க, அது பிளாக் சோல்ஜர் ஈயின் புழு, குப்பையைத் தின்று நமக்கு வேலையைக் குறைக்கும். வெள்ளையாக இருந்தால் வீட்டு ஈ, மேலே நாலு விரல் கனத்துக்குச் சருகு மூடினால் அடங்கிவிடும்.

சருகுக்கு எங்கே போவது என்றால், பிப்ரவரி மார்ச்சில் புங்க மரம் தெருவெல்லாம் கொட்டுமே, அப்போது பௌரகார்மிகர்களிடம் (தெருக் கூட்டும் மாநகராட்சித் தொழிலாளர்கள்) சொல்லி வைத்தால் கூட்டியதை நம்மிடமே கொடுத்துவிடுவார்கள், நாங்கள் 30 சாக்கு கட்டி மாடிப்படிக்கு அடியில் அடுக்கிவிடுகிறோம். இப்போதைக்கு நர்சரியில் தேங்காய் நார்த்தூள் கட்டி வாங்குங்கள். ஆனால் அட்டையில் எழுதியிருக்கிறதே என்று தண்ணீரில் ஊறப்போடாதீங்க, உலர்ந்தபடியே உதிர்த்துப் போட வேண்டும். நான் ஊறப்போட்டுத்தான் முதல் தடவை கெடுத்தேன்.

மூணாவது_மாடி:
சருகு சரி, கிளறுவது யார்? எங்கள் இடத்தில் அதைக் காவலாளி தலையில் கட்டினார்கள், சம்பளம் ஒரு பைசா கூட்டவில்லை, மூன்றாம் மாதம் அவர் வேலையை விட்டுப் போய்விட்டார், தொட்டி இப்போது பழைய சைக்கிள் வைக்கிற இடம். தனியாகக் காசு கொடுத்து ஆள் வையுங்கள், இல்லையென்றால் முறை போட்டு நீங்களே செய்யுங்கள். 36 வீடு, ஒரு வீட்டுக்கு மாதம் ஒரு நாள்கூட வராது.

வண்டியில் போட்டால் போச்சு என்பவர்களிடம் மண்டூர் கதையைச் சொல்லுங்கள். நம் குப்பையை வருடக்கணக்காகத் தாங்கி, அந்த ஊர்க்காரர்கள் போராடி, 2014 டிசம்பரில்தான் அங்கே கொட்டுவது நின்றது. நின்றதும் குப்பை ஆவியாகிவிடவில்லை, வேறு ஊர்ப் பக்கம் போனது. உயர் நீதிமன்றம் ஈரக் குப்பைக்குப் பச்சைத் தொட்டி, டயப்பர் மாதிரிக் கழிவுக்குச் சிவப்புத் தொட்டி, உலர் குப்பைக்கு ஒரு பை என்று பிரிக்கச் சொன்னது 2015இல், இன்றைக்கும் எங்கள் பச்சைத் தொட்டியில் டயப்பர் கிடக்கிறது.

இன்னொன்று, குப்பையோடு தண்ணீர்ச் சிக்கனத்தையும் பாருங்கள், அதில் சண்டையே வராது. குழாய் முனையில் ஏரேட்டர் (தண்ணீரோடு காற்றைக் கலந்து செலவைக் குறைக்கும் சின்ன மூடி) மாட்டுவது பிளம்பருக்கு ஒரு நாள் வேலை. 2024 மார்ச்சில் குடிநீர் வாரியமே அபார்ட்மென்ட்களுக்குக் கட்டாயம் என்று சொன்னது, பலர் மழை வந்ததும் மறந்துவிட்டார்கள். ஆர்.ஓ. கழிவுத் தண்ணீரை வாளியில் பிடித்துத் தரை துடைக்கலாம்.

கறிவேப்பிலை:
காசு கொடுத்து ஆள் வைப்பது சரி, நாங்களும் அப்படித்தான். அவருக்குப் பூட்ஸும் கையுறையும் சங்கமே வாங்கித் தர வேண்டும். அப்புறம் பாலா தம்பி, தொட்டிக்கு மேலே கூரை இருக்கிறதா?

பானஸ்வாடி_பாலா:
கூரை இல்லை அக்கா. வலை மூடிதான். ஐயோ, மழை நேராக உள்ளேதான் இறங்கியிருக்கிறது! நாளைக்கே ஒரு தகரம் போடுகிறேன். இப்போதுதான் கீழே போய்ப் பார்த்தேன், புழு பழுப்புதான், தட்டைதான். மாமியிடம் இதை எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.