‘வீண்பழித் தீர்ப்பு’: ஒரு முன்மொழிவு

அன்பர்களுக்கு வணக்கம்.

குற்றம் செய்யாதவரைக் குற்றவாளி என்று நீதிமன்றம் முடிவுகட்டிவிடுவதை ஆங்கிலத்தில் ‘wrongful conviction’ என்பார்கள்; அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் உரையாடலில் ‘தவறான தண்டனை’, ‘பொய்த்தீர்ப்பு’, ‘தேராத் தீர்ப்பு’ ஆகியவை முன்வைக்கப்பட்டுள்ளன. இவற்றை ஒரு கதையில் பொருத்திப் பார்ப்போம். அமெரிக்கத் திரைப்பட நிறுவனமான ஆர்கேஓ குறைந்த செலவில் எடுத்து 1940-இல் வெளியிட்ட, போரிஸ் இங்ஸ்டர் இயக்கிய ‘ஸ்ட்ரேஞ்சர் ஆன் த தேர்டு ஃப்ளோர்’ அதற்கு மிகவும் ஏற்ற படம்.

செய்தியாளன் மைக் வார்டு, கொலையுண்டு கிடந்த உணவுக்கடைக்காரரின் அருகே பிரிக்ஸ் என்ற இளைஞன் நின்றதைப் பார்த்ததாகச் சாட்சி சொல்கிறான். அவன் கண்டதும் உண்மை, சொன்னதும் உண்மை; கொன்றவன் மட்டும் வேறு ஆள். ஆகவே, பொய்ச்சாட்சியை உடனே நினைவுக்குக் கொண்டுவரும் ‘பொய்த்தீர்ப்பு’ இங்கே பொருந்தாது. ‘தவறான தண்டனை’ என்பதோ, குற்றம் உறுதியானபின் அளவு மீறித் தண்டித்ததையும் குறிக்கக்கூடும். பிரிக்ஸுக்கு மரண தண்டனைக்குப் பதிலாக ஒரு மாதச் சிறை விதித்திருந்தாலும் பிழை பிழையாகவே இருந்திருக்கும்.

சிலம்பில் கண்ணகி பாண்டியனை ‘தேரா மன்னா’ (ஆராயாத மன்னனே) என்று அழைக்கும் விளியிலிருந்து பிறந்த ‘தேராத் தீர்ப்பு’ எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. அந்த விசாரணையில் நடுவர் குழுவினருள் (ஜூரி) ஒருவர் தூங்குவதையும் படம் காட்டுகிறது என்பதால் சொல் பொருந்துவதுபோலவே தோன்றும். ஆனால், அவர் விழித்திருந்து கேட்டிருந்தாலும் அதே சாட்சியத்தைத்தான் கேட்டிருப்பார். பின்னர் வரும் கனவுக் காட்சியில், சாய்ந்து நீளும் நிழல்களுக்கு நடுவே அண்டை அறைக்காரரைக் கொன்றதாக வார்டே கூண்டில் நிற்க, அவர்மீது அவன் முன்பு கொட்டிய கோபச் சொற்களே அவனுக்கு எதிரான சான்றுகளாகின்றன. ஆராய்ந்தும் பிழைபட முடியும் என்பதை ‘தேராத் தீர்ப்பு’ என்ற சொல் மறைத்துவிடுகிறது.

எனவே ‘வீண்பழித் தீர்ப்பு’ என்பதை முன்மொழிகிறேன். வீண்பழி என்றாலே வஞ்சகம் தொனிக்கும் என்ற மறுப்பு எழலாம்; ஆனால் யாரும் சூழ்ச்சி செய்யாதபோதும் ‘வீண்பழிக்கு ஆளானார்’ என்று சொல்வது நம் வழக்குதானே? குற்றவாளியைத் தவறுதலாக விடுவிப்பதோடு இது குழம்பவும் செய்யாது. இன்னொரு வசதியும் உண்டு: உண்மைக் கொலையாளி சாகுந்தறுவாயில் ஒப்புக்கொண்டபின் பிரிக்ஸுக்குக் கிடைப்பதை வெறும் ‘விடுதலை’ என்னாமல் ‘பழிநீக்கம்’ என்று இதே வேரிலிருந்து சொல்லலாம். இந்த இணையை நீதிமன்றத் தமிழில் பழகிய அன்பர்கள் ஆய்ந்து, தீர்ப்புரைகளில் இடர்ப்பாடின்றி ஆளமுடியுமா என்று தெரிவிக்க வேண்டுகிறேன்.